ராஜேந்திரனுக்கு எத்தனை மதிப்பெண்?

சிவிலைசேஷன் வரிசையின் நான்காம் விளையாட்டில் புதிதாக ஓர் அரசரைச் சேர்க்க விரும்புகிறவர் முதலில் திறப்பது ஓர் எக்ஸ்எம்எல் கோப்பை. ஒவ்வொரு அரசருக்கும் அதில் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதிசயங்கள் கட்டுவதில் அவருக்கு எவ்வளவு நாட்டம்? படைக்கு எவ்வளவு ஒதுக்குவார்? தன் சமயத்தைச் சாராதவர்மீது எவ்வளவு கசப்புக் கொள்வார்? போர் மூண்டபின் எவ்வளவு காலம் எதிரியின் தூதரைச் சந்திக்க மறுப்பார்? எல்லாவற்றுக்கும் விடை ஓர் எண். ஏதேனும் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால், விளையாட்டு ஒரு பொது மதிப்பைத் தானே போட்டுக்கொள்ளும். வெறுமையாக விட்ட இடமும் ஒரு விடையாகிவிடும்.

வரலாறு எழுதுகிறவருக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. சான்று இல்லாத இடத்தில் அவர் நின்றுவிடலாம்; இரண்டு சான்றுகள் முரண்பட்டால் இரண்டையும் சொல்லிவிட்டு நகரலாம். மாட், அதாவது விளையாட்டை மாற்ற ரசிகர்கள் உருவாக்கும் தொகுப்பு, எழுதுகிறவருக்கு அந்த வசதி மறுக்கப்படுகிறது. அதனால்தான் ஒரு வரலாற்று அரசரை விளையாடத்தக்க தலைவராக மாற்றும் வேலையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அது வரலாற்று விளக்கம். நூல்களுக்கு வைக்கும் கேள்விகளை அதற்கும் வைக்க வேண்டும்: இந்த எண் எந்தச் சான்றிலிருந்து வந்தது? சான்று சொல்லாததை எதைக்கொண்டு நிரப்பினீர்கள்?

இக்கேள்விகளைச் சோதிக்க முதலாம் ராஜேந்திர சோழனை எடுத்துக்கொள்கிறேன். 1012இல் தந்தையுடன் இணையரசனாகி, 1014 முதல் 1044 வரை ஆண்டவன். விளையாட்டு உலகத்துக்கு அவன் புதியவனும் அல்லன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இன் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' தொகுப்பு 2022 ஏப்ரலில் வந்தபோது அவன் பெயரிலேயே ஒரு போர்த்தொடர் அதில் இருந்தது. சிவிலைசேஷன் 4க்காக ரசிகர்கள் உருவாக்கிய 'டான் ஆஃப் சிவிலைசேஷன்' மாட்டில் தமிழர் தனி நாகரிகமாக இடம்பெற்றனர். 2025 பிப்ரவரியில் வெளிவந்த சிவிலைசேஷன் 7இல் சோழர் இருந்தார்கள். சோழ அரசர் ஒருவரும் தலைவர் வரிசையில் இல்லை. அந்த இடத்தை நிரப்ப ரசிகர்கள் முயல்வது இயல்பு.

ஆனால் 'தலைவர்' என்ற அந்த இடமே ஏற்கெனவே ஒரு வரலாற்றுக் கொள்கையைச் சுமந்து நிற்கிறது. 1991இல் சிட் மெயரின் முதல் சிவிலைசேஷன் வந்தது முதல் அது பெரிதாக மாறவில்லை. ஆட்டம் கி.மு. 4000இல் தொடங்கும். பல பதிப்புகளில் கி.பி. 2050 வரை போகும். ஆறாயிரம் ஆண்டும் ஒரே தலைவர். அவருக்கு மூப்பில்லை, வாரிசில்லை, அமைச்சரில்லை. மக்கள் மாறுவார்கள், தொழில்நுட்பம் மாறும், ஆட்சிமுறை மாறும். தலைவரின் குணம் மட்டும் மாறாது. நாட்டின் இயல்பு என்பது அரசனின் இயல்பே என்ற பழைய எண்ணம் இந்த அமைப்பில் நிரலாகவே எழுதப்பட்டிருக்கிறது. அரசன் புகழுரையான மெய்க்கீர்த்தியைப் பாடிய அரசவைப் புலவர் இதை உடனே ஒப்புக்கொண்டிருப்பார். இன்றைய வரலாற்றாய்வு ஒப்புக்கொள்ளாது.

ஓர் எண் ஒரு மனிதர்மீது எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதற்குக் காந்தியே சாட்சி. முதல் சிவிலைசேஷனிலேயே இந்தியாவின் தலைவர் அவர்தான். அவருடைய போர்க்குணம் மிகக் குறைந்த மதிப்பான 1 என்றும், மக்களாட்சிக்கு மாறியதும் அதில் 2 கழிக்கப்பட்டதால் கணக்குச் சுழன்று 255 ஆனது என்றும், அமைதியின் உருவம் அணுகுண்டு வீசத் தொடங்கியது அதனால்தான் என்றும் ஒரு கதை பல ஆண்டுகள் உலவியது. அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று 2020இல் வெளிவந்த தன் நினைவுநூலில் சிட் மெயர் எழுதினார். ஆனால் ஐந்தாம் பதிப்பின் கதை வேறு. 2010இல் வந்த அந்தப் பதிப்பில் தலைவர்களின் நாட்டங்கள் பெரும்பாலும் பத்துக்குள் அளக்கப்பட்டன. ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் அவை இரண்டு புள்ளி வரை கூடும், குறையும். காந்தியின் அணுஆயுத நாட்டத்துக்குத் தலைமை வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர் கொடுத்த மதிப்பு 12. விளையாட்டாகச் செய்ததுதான். ஆனால் காந்தி என்றதும் அணுகுண்டை நினைக்கும் ஒரு தலைமுறை உலகெங்கும் உருவாக அந்த ஒற்றை எண்ணும் காரணமாயிற்று. அவ்வளவு பெரிய பெயருக்கே இது நடக்கும் என்றால், பள்ளிப் பாடத்துக்கு வெளியே யாரும் அறியாத அரசர்களுக்கு மாட்டில் நாம் இடும் எண்தான் முதல் அறிமுகமாகவும் கடைசி அறிமுகமாகவும் அமையும்.

இனி ராஜேந்திரனுக்கு வருவோம். அவனைப் பற்றி நமக்குத் தெரிந்தவை மிகுதி. ஆனால் அவை ஒருவகையானவை. கோயில் சுவர்களில் திரும்பத் திரும்ப வெட்டப்பட்ட மெய்க்கீர்த்தி ஆட்சியாண்டு ஏற ஏற நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு வெற்றியும் புதிய அடியாகச் சேர்கிறது. இடைதுறைநாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம் என்று தொடங்கி ஈழம், கங்கைவெளி, கடைசியாகக் கடல்கடந்த கடாரம். திருவாலங்காட்டுச் செப்பேடும் கரந்தைச் செப்பேடும் வம்ச வரலாற்றைச் சொல்கின்றன. இவற்றுக்கு அப்பால் உள்ள ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் நிலம், நெல், ஆடு, விளக்கெண்ணெய், ஊர்ச்சபை முடிவு ஆகியவற்றைப் பேசுகின்றன. மாட் எழுதுகிறவர் இயல்பாகவே முதல் வகையைத்தான் எடுப்பார். அது ஏற்கெனவே ஒரு தலைவரின் சாதனைப் பட்டியல் போலவே இருக்கிறது. அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். மெய்க்கீர்த்தி அரசன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பியது.

நான்காம் பதிப்பில், 2007இன் 'பியாண்ட் தி ஸ்வார்டு' விரிவாக்கத்தோடு, மொத்தம் 11 குணங்கள். ஒவ்வொரு தலைவருக்கும் இரண்டு. ராஜேந்திரனுக்கு எந்த இரண்டு? பலரும் முதலில் சொல்லக்கூடியது பேரரசுக் குணமும் செல்வக் குணமும். பேரரசுக் குணம் பெரும்படைத் தலைவர்களை விரைவாகத் தரும், குடியேற்றத்தை வேகப்படுத்தும். செல்வக் குணம் ஏற்கெனவே இரண்டு வணிகம் தரும் கட்டத்துக்கு மேலும் ஒன்று சேர்க்கும். கரையோரக் கடற்கட்டம் இரண்டு தருவது; ஆகவே கடலோர நாட்டுக்கு இது நன்கு பொருந்தும். கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்த இணை ஏற்கெனவே ஒருவருக்குரியது: இங்கிலாந்தின் விக்டோரியா அரசி. கடல்கடந்த படையெடுப்பு, கடல் வணிகம் என்ற இரண்டு செய்திகளைக் கொண்டு அவசரமாக நிரப்பினால் பதினோராம் நூற்றாண்டுச் சோழன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் பேரரசாகிவிடுவான். குடியேற்றமும் நிரந்தர ஆட்சியும் அடிப்படையான ஒரு பேரரசின் அச்சில் அவன் வார்க்கப்படுவான்.

1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு அந்த வகையைச் சேர்ந்ததா? கடல் நடுவே பல கலங்களை அனுப்பியதாகவும், சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததாகவும், ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், நக்கவாரம், கடாரம் எனப் பல இடங்களைக் கொண்டதாகவும் மெய்க்கீர்த்தி சொல்கிறது. ஆனால் அந்த ஊர்களில் சோழ அதிகாரி அமர்ந்து வரி தண்டியதைக் காட்டும் ஆவணம் கிடைக்கவில்லை. நாற்பதாண்டுகள் கழித்து அவன் மகன் வீரராஜேந்திரன், தன்னிடம் உதவி கேட்டு வந்த கடாரத்து அரசனுக்காக அந்நாட்டை வென்று அவனிடமே திருப்பிக் கொடுத்ததாகத் தன் கல்வெட்டில் சொல்கிறான். போனார்கள், வென்றார்கள், திரும்பினார்கள்.

இந்த வடிவத்தை என்னவென்று அழைப்பது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. 1930களில் தம் பெருநூலை எழுதிய கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழ முடியாட்சியைப் பைசாந்தியப் பேரரசின் மாட்சியோடு ஒப்பிட்டார். அவர் கண்டது நிர்வாகத் திறமிக்க நடுவண் அரசு. 1980இல் பர்ட்டன் ஸ்டெயின் அதைத் தலைகீழாக்கினார். காவிரிக் கழிமுகத்துக்கு வெளியே சோழனின் அதிகாரம் பெரும்பாலும் சடங்கு சார்ந்தது, உண்மையான ஆட்சி நாடுகளிடமும் சபைகளிடமும் இருந்தது என்பது அவர் வாதம். 1983இல் ஜார்ஜ் ஸ்பென்சர், படையெடுப்புகளின் உயிர்நாடி கொள்ளையே என்றார்: உள்நாட்டில் போதிய வரி தண்ட இயலாத அரசன் வெளியிலிருந்து செல்வம் கொண்டுவந்து தன் ஆதரவாளர்களைத் தக்கவைத்தான். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளை எண்ணி, அதிகாரிகளின் பட்டங்களையும் வரிச்சொற்களையும் வகைப்படுத்தி, முதலாம் ராஜராஜன் காலம் தொட்டு நடுவண் நிர்வாகம் உறுதியாக வளர்ந்ததைக் காட்டினார்கள். நிலஅளவை, வளநாட்டுப் பிரிவினை, வரித் திணைக்களம் ஆகியவை அவர்களின் சான்றுகள்.

மாட் எழுதும் மேசையில் இந்த ஐவரும் மூன்று வேறு அரசர்களைத் தருகிறார்கள். சாஸ்திரியையும் சுப்பராயலுவையும் நம்பினால் நிர்வாகக் குணம். ஆட்சிமுறைச் செலவு பாதியாகும், வழக்குமன்றம் விரைவில் எழும். ஸ்டெயினை நம்பினால் அந்தக் குணம் கூடவே கூடாது. தலைநகரிலிருந்து தொலைவு கூடக்கூடச் செலவு எகிற வேண்டும், ஆன்மிகக் குணம் முன்னுக்கு வர வேண்டும். ஸ்பென்சரை நம்பினால் ஆறாம் பதிப்பில் நார்வேயின் ஹரால்டு ஹர்த்ராதாவுக்கு இருப்பது போன்ற கரையோரச் சூறையாடலைத்தான் ராஜேந்திரனுக்கும் தர வேண்டும். ஹரால்டு இறந்தது 1066இல், ராஜேந்திரன் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின். இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தமிழ் வாசகருக்கு உறுத்தலாம். உறுத்தினால் அதற்குச் சான்றோடு பதில் சொல்ல வேண்டியவர் மாட் எழுதுகிறவர்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். கராஷிமா, சுப்பராயலு இருவரின் எண்ணிக்கைச் சான்றே எனக்கு வலுவாகத் தெரிகிறது. ஆகவே நிர்வாகக் குணம் உறுதி. இரண்டாவதாகப் பேரரசுக் குணத்தைத் தரமாட்டேன். ஐந்தாம் பதிப்பின் அளவையில் சொன்னால், தாக்குதல் நாட்டம் 8, கடற்படை 7, நீர்ப்பாசனத்தையும் பயிரையும் சார்ந்த வளர்ச்சி 7, அதிசயம் 6. கடற்படைக்கு 7தானா என்று சிலர் கேட்பார்கள். அவன் ஆட்சியின் முப்பது ஆண்டுகளைப் பார்த்தால் பெரும்போர்கள் நிலத்தில்தான் நடந்தன. மேலைச் சாளுக்கியரோடு, குறிப்பாக இரண்டாம் ஜெயசிம்மனோடு, துங்கபத்திரைப் பக்கமும் வேங்கியிலும் ஓயாத இழுபறி. கடல் தாண்டிய பெரும்பயணம் ஈழத்தைத் தவிர்த்தால் ஒன்று. அந்த ஒன்று அவ்வளவு அரியது என்பதால்தான் இன்றும் பேசுகிறோம். 10 போட்டால் ஆட்டத்தில் அவன் கரையோரத்தில் கப்பல்களைக் குவித்துக்கொண்டே இருப்பான். சாளுக்கிய எல்லை திறந்து கிடக்கும். அது ராஜேந்திரன் இல்லை.

நீர்ப்பாசனத்துக்கு நான் தந்த 7 பலருக்குச் சுவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் கங்கை வரை படை போனதன் நினைவாக அவன் எழுப்பியது கங்கைகொண்ட சோழபுரம் மட்டுமன்று, அதன் அருகே சோழகங்கம் என்ற பெரிய ஏரியும். இன்று அதைப் பொன்னேரி என்கிறார்கள். கங்கைநீரை அதில் சேர்த்ததாகச் செப்பேடு சொல்கிறது. அந்த ஏரியையே வெற்றிச் சின்னமாகக் காட்டுகிறது. போர்ப்புகழை ஓர் ஏரியாக வெட்டிய அரசனுக்குப் படை எண்ணை மட்டும் உயர்த்திக் கொடுப்பது அரைகுறை வாசிப்பு.

'தலைவர்' என்ற ஒற்றை இடத்தில் இன்னொரு நெருடலும் உண்டு. கங்கைப் படையெடுப்பை நடத்தியவன் பெயர் தெரியாத ஒரு தண்டநாயகன். அரசன் கோதாவரிக் கரை வரை சென்று, திரும்பிவந்த படையை அங்கே எதிர்கொண்டான் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. 1018இலேயே மகன் ராஜாதிராஜன் இணையரசனாக முடிசூடிவிட்டான். இருபத்தாறு ஆண்டுகள் அரியணையில் இருவர் இருந்தார்கள். கடாரத்துக்குப் போன கலங்களில் வணிகக் குழுக்களின் கலங்களும் இருந்திருக்கக்கூடும் என்ற கருத்தை ஆய்வாளர்கள் பலர் முன்வைத்துள்ளனர். ஐந்நூற்றுவர் என்ற வணிகக்குழு சுமத்ராவின் பாருஸ் அருகே 1088இல் தமிழ்க் கல்வெட்டையே நிறுத்தியிருக்கிறது. இவர்களையெல்லாம் ஒரு முகத்துக்குள் திணிக்க முடியாது. சிவிலைசேஷன் 7 இங்கே நல்ல வழியொன்றைக் காட்டியது. தலைவரை நாகரிகத்திலிருந்து பிரித்தது. சோழருக்கான தனிக் கட்டடங்களுக்கு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக்குழுப் பெயர்களையே வைத்தது. நகரங்களுக்கு உயிர்கொடுத்தவர்கள் நகரத்தின் அமைப்பிலேயே தென்படுகிறார்கள்.

அதே பதிப்பு அரசர் அல்லாதவர்களையும் தலைவர்களாக்கியது: கன்பூசியஸ், இபன் பதூதா, ஹாரியட் டப்மன். சோழநாட்டிலிருந்து அப்படி ஒருவரைச் சேர்க்கலாமென்றால் என் மனத்தில் முதலில் வருபவர் செம்பியன் மாதேவி. கண்டராதித்தனின் தேவி. கணவன் இறந்தபின் பல பத்தாண்டுகள், அடுத்தடுத்து வந்த அரசர்களின் காலத்தில், செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றிக்கொண்டே இருந்தவர். சோழர் கலையின் முகத்தை வடித்ததில் அவருக்கு உள்ள பங்கு எந்தப் போரரசனுக்கும் குறைந்ததன்று.

சமயக் கட்டத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்து இதுவே மிகக் கடினமானது. நான்காம் பதிப்பில் வேற்றுச் சமயத்தாரோடு ஒரு தலைவர் எவ்வளவு முரண்படுவார் என்பதற்குத் தனி மதிப்பு உண்டு. ஸ்பெயினின் இசபெல்லா அதில் பெயர்பெற்றவர். ராஜேந்திரனுக்கு என்ன போடுவது?

நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தின் வருவாயை ராஜராஜன் அளித்தான். தந்தையின் அந்தக் கொடையை உறுதிசெய்து செப்பேட்டில் நிலைபெறச் செய்தவன் ராஜேந்திரன். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்றவை அவையே. திருகோணமலைப் பக்கம் உள்ள வெல்கம் விகாரை சோழர் காலத்தில் ராஜராஜப்பெரும்பள்ளி என்று பெயர்பெற்றது. தமிழர் அளித்த கொடைகளைத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே பதிவு செய்கின்றன. இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் அந்த மதிப்பு சுழியத்துக்கு அருகே இருக்க வேண்டும்.

மறுபுறம் இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் இருக்கிறது. இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனைச் சோழப்படை பிடித்தபோது விகாரைகளையும் தாதுகோபங்களையும் உடைத்துப் பொன்னுருவங்களை எடுத்துச்சென்றதை அது வேதனையோடு சொல்கிறது. மகிந்தன் 1017ஐ ஒட்டிப் பிடிபட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்து அங்கேயே இறந்தான். இலங்கை அரசனின் முடியையும் அவன் தேவியரின் முடிகளையும், பாண்டியன் முன்பு அங்கே அடைக்கலமாக வைத்த முடியையும் கைப்பற்றியதை ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. விகாரை இடிந்ததைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

இரண்டு சான்று, ஒரு கட்டம். சராசரி எடுத்து நடுவில் ஓர் எண் போடுவது இரண்டுக்கும் துரோகம். இங்கே தேவை எண்ணின் அளவைச் சரிசெய்வதன்று. விதியையே மாற்றி எழுதுவது. நான்காம் பதிப்பில் பைத்தான் நிரல்மொழியும், ஐந்தாம் பதிப்பில் லுவா நிரல்மொழியும் அதற்கு இடம் தருகின்றன. தன் நாட்டுத் துறைமுகத்தில் வேற்றுச் சமயத்தார் இருப்பதால் இவ்வரசனுக்குக் கசப்பு ஏற்படாது. வணிக உறவு உள்ளவரை அவர்களின் பள்ளியால் அவனுக்கு வருவாயும் கூடும். போரில் பிடித்த நகரத்தில் கோயிலோ விகாரையோ இருந்தால் அதன் செல்வம் சூறையாகும், அந்தச் சமயத்தை ஏற்ற எல்லா நாடுகளின் வெறுப்பும் அவன்மீது நீண்டகாலம் நிற்கும். நம்பிக்கையைப் பொறுத்த பகை வேறு, போர்க் கொள்ளை வேறு என்பதை விளையாட்டு ஆட்டக்காரருக்கு உணர்த்த முடியும். 1025இல் அவன் தாக்கிய ஸ்ரீவிஜயம், அவனே பேணிய நாகப்பட்டினம் விகாரத்தைக் கட்டிய அதே அரசு என்பதும் அப்போதுதான் ஆட்டத்துக்குள் பொருள்படும்.

முகத்துக்கும் குரலுக்கும் சுருக்கமாகவே சொல்கிறேன். ராஜேந்திரனின் நேரடியான உருவப்படம் என்று ஐயமின்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் புகழ்பெற்ற சிற்பத்தில் அரசனே குறிப்பாகக் காட்டப்படுகிறான் என்பது பலரின் கருத்து; அதிலும் அவன் குனிந்த தலையோடு அமர்ந்திருக்கிறான். மாட்களில் வரும் உருவங்களோ திரைப்படச் சுவரொட்டிகளின் வாரிசுகள்: மார்புக்கவசம், காற்றில் பறக்கும் முடி, கையில் உருவிய வாள். அக்காலச் செப்புத் திருமேனிகளையும் கற்சிற்பங்களையும் பார்த்து வரைவதே நேர்மை. மேலாடையற்ற உடல், அணிகலன், உயர்த்திக் கட்டிய கொண்டை. வீரம் குறைந்துபோய்விடாது.

குரலுக்குச் சான்று முகத்தைவிட நன்றாகவே உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்தாம் பதிப்பிலிருந்து தலைவர்கள் தத்தம் மொழியில் பேசுகிறார்கள். நெபுகாத்நேசர் அக்காடிய மொழியில் பேசுகிறார். எகிப்தின் ராம்சேஸோ அவர் காலத்துக்கு வெகுவாகப் பிந்திய அரபியில். சோழ அரசனுக்கு இந்தத் தடுமாற்றம் வேண்டியதில்லை. அவன் வாய்மொழி ஆணையைக் கேட்டு எழுத்துக்குக் கொண்டுவர 'திருவாய்க்கேள்வி' என்ற அதிகாரி இருந்தார். அவர்வழி வந்த ஆணைகள் உரைநடையில் கல்லில் நிற்கின்றன. தஞ்சைப் பெரியகோயிலில் ராஜராஜனின் புகழ்பெற்ற கல்வெட்டு ஒன்று, அவன் அரண்மனைத் திருமஞ்சனசாலையில் இருந்தபடி தன்மையில் பேசுவதை அப்படியே தருகிறது. தான் கொடுத்தது, தன் அக்கா கொடுத்தது, தன் பெண்டிர் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது என எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறான். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசன் ஒருவனின் பேச்சுநடை, அதிகாரமும் குடும்பப் பாசமும் ஒருங்கே தொனிக்க, நம் கையில் இருக்கிறது. முதல் சந்திப்பில் சொல்லும் வணக்கமும் போர் அறிவிப்பும் தோல்விச் சொல்லும் எழுத வேண்டிய மாட் ஆசிரியர், சரித்திர நாவல்களின் வீரவசனத்தை விட்டு இந்தக் கல்வெட்டு உரைநடைக்குப் போக வேண்டும். வாசகங்கள் சுருங்கும், கட்டளைகள் தெளியும், கேட்பவருக்கு அவன் காலம் தெரியும்.

நகரப் பட்டியல் என்று இன்னொரு கோப்பு உண்டு. ஆட்டக்காரர் ஊர் நிறுவ நிறுவ, வரிசைப்படி பெயர்கள் அதிலிருந்து வரும். கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சாவூர், பழையாறை, நாகப்பட்டினம், காஞ்சிபுரம் வரை சிக்கல் இல்லை. மதுரையைச் சேர்க்கலாமா? அவன் மகன்கள் அங்கே சோழபாண்டியராக ஆண்டார்கள். சேர்க்கலாம் என்பேன், பாண்டியர் தனி நாகரிகமாக அந்த மாட்டில் இல்லாதவரை. பொலன்னறுவை? சோழர் அதை ஜனநாதமங்கலம் ஆக்கி, ஏறத்தாழ 1070 வரை அங்கிருந்து ஆண்டார்கள். வானவன்மாதேவி ஈச்சுரம் இன்றும் அங்கே நிற்கிறது. சான்று இருக்கிறது. ஆனாலும் அதைச் சோழர் நிறுவும் ஊர்களின் பட்டியலில் சேர்க்கக் கூடாது. நிறுவியது அவர்களல்லர்; கைப்பற்றியது அவர்கள். பிடிபட்டால் பெயர் மாறும் நகரமாக அதை எழுதுவதற்கு நிரலில் வழி இருக்கிறது. அந்த வேறுபாடு இலங்கையில் வாழும் ஒருவருக்கு, தமிழரானாலும் சிங்களரானாலும், சிறிய வேறுபாடு அன்று.

யாருடைய வரலாற்றை யார் எழுதுகிறார் என்ற கேள்வியை விளையாட்டு நிறுவனங்கள் சிரமப்பட்டே கற்றன. ஐந்தாம் பதிப்பின் 'பிரேவ் நியூ வேர்ல்டு' விரிவாக்கத்துக்காக, 1680இல் ஸ்பானியருக்கு எதிராகப் புவேப்லோ மக்களின் எழுச்சியை நடத்திய போப்பேயைத் தலைவராக்கச் சிவிலைசேஷனை உருவாக்கும் ஃபிராக்சிஸ் நிறுவனம் நினைத்தது. புவேப்லோ மக்களின் பேரவை அதை ஏற்கவில்லை. நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டு, 2013இல் ஷோஷோன் மக்களைச் சேர்த்தது. 2018இல் ஆறாம் பதிப்பில் கிரீ மக்களின் தலைவர் பவுண்ட்மேக்கர் இடம்பெற்றபோது, அச்சமூகத் தலைவர்களில் ஒருவரான மில்டன் டூட்டூசிஸ் கவலை தெரிவித்தார். பிறர் நிலத்தைப் பிடிப்பதே குறிக்கோளான ஆட்டத்தில் தங்கள் முன்னோரை வைப்பது, காலனியரின் விழுமியம்தான் தங்களுக்கும் இருந்தது என்ற பொய்யைப் பரப்பும் என்பது அவர் வாதம். 1885இல் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைசென்ற பவுண்ட்மேக்கர் குற்றமற்றவர் என்று கனடிய அரசு அறிவித்தது 2019 மே மாதத்தில்தான். அந்தக் காயம் ஆறாத காலத்தில் அவர் ஆட்டப்பொருளானார்.

சோழருக்காகப் பேச அப்படி ஒரு பேரவை இல்லை. ஆனால் சோழரிடம் தோற்றவர்களின் வழிவந்தோர் இருக்கிறார்கள். அவர்களும் இந்த விளையாட்டை ஆடுகிறார்கள். ஆகவே ராஜேந்திரனைச் சேர்க்கும் எவரும் அதே தொகுப்பில் இலங்கை அரசன் முதலாம் விஜயபாகுவையும் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நாட்டின் தென்புறத்திலிருந்து பல ஆண்டுகள் போராடி, 1070 அளவில் சோழரைப் பொலன்னறுவையிலிருந்து வெளியேற்றியவன் அவன். குலைந்திருந்த பிக்கு சங்கத்தை மீட்க, பர்மாவின் அனவ்ரதாவிடமிருந்து துறவிகளை வரவழைத்தவன். அவனுடைய தற்காப்பு எண் உயர்வாக இருக்கலாம், மன்னிப்பு எண் தாழ்வாக இருக்கலாம். தூது உறவு கடல் கடந்து வேலை செய்ய வேண்டும்.

அவனுக்கும் ஒரு சிக்கலான கட்டம் உண்டு. அவன் படையிலேயே வேளைக்காரர் என்ற தமிழ் வீரர்கள் இருந்தார்கள். சோழர்மீது படையெடுக்கச் சொன்னபோது அவர்கள் கலகம் செய்தார்கள்; அவன் அதைக் கடுமையாக அடக்கினான். அவன் காலத்துக்குப் பின், பொலன்னறுவையில் புத்தரின் தந்ததாதுவைக் காப்போம் என்று அதே வேளைக்காரர் உறுதிசெய்து தமிழில் கல்வெட்டு வெட்டினார்கள். 'தமிழர்', 'சிங்களர்' என்று இரண்டு நாகரிகங்களைத் தனித்தனிக் கோப்பில் எழுதி, ஒன்றுக்கொன்று பகை மதிப்பை உயர்த்தி வைத்துவிட்டால் இந்தக் கல்வெட்டுக்கு இடமே கிடைக்காது. விஜயபாகுவின் தனிப்படையாக வேளைக்காரரை எழுதுங்கள். சோழரோடு போர் மூண்டால் அவர்களின் உறுதி குறையும், தலைநகரின் பள்ளிக்குக் காவலாக நிறுத்தினால் உறுதி கூடும் என்று விதி செய்யுங்கள். லுவாவில் அதற்குப் பெரிய நிரல் வேண்டியதில்லை.